பறவைக் கணக்கு

தில்லிக்கு நான் வேலைக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய வாக்குவாதம் எதைப் பற்றியது என்று யாரேனும் கேட்டால், ஸ்காட்லாந்து நாட்டு மலைகளில் வாழும் ஒரு பறவையைப் பற்றியது என்றுதான் நான் சொல்ல வேண்டும். கேட்பவர் நகைப்பர். அன்று எங்கள் வீட்டில் நகைத்தவர் எவருமில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய மார்கழி மாதத்தில் அது தொடங்கிற்று. இரவு உணவு முடிந்து, கணப்பு அடுப்பின் அருகில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தேன். என் தங்கை ஒரு தாளைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். ஸ்காட்லாந்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பணி அறிவிப்பு அது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கான ஆய்வுப் பணி. வேட்டைப் பறவைகளின் தொகை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று ஆராய்வது வேலை. காலம் இரண்டு ஆண்டுகள். அறிவிப்பைப் படித்தபோது வல்லூறையும் இராசாளியையும் நினைத்துக்கொண்டேன். "இவை வேட்டையாடும் பறவைகள் அல்ல, அண்ணா, வேட்டையாடப்படும் பறவைகள்" என்று அவள் திருத்தினாள். கௌதாரி, காடை, காட்டுக்கோழி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தவை என்றாள்.

அறிவிப்பில் கேட்டிருந்த தகுதிகள் எனக்கு விந்தையாக இருந்தன. புள்ளியியலில் தேர்ச்சி வேண்டும். கணிப்பொறியில் நிரல் எழுதத் தெரிய வேண்டும். அதனோடு, குளிரிலும் மழையிலும் மேடு பள்ளமான நிலத்தில் தனியே நாள் முழுதும் நடக்க வல்லவராகவும், மோட்டார் வண்டி ஓட்டும் உரிமம் உடையவராகவும் இருத்தல் வேண்டும். மேசை வேலைக்கும் காட்டு வேலைக்கும் ஒரே ஆளைத் தேடுகிறார்களே என்று வியந்து, "விண்ணப்பம் போடு, பார்க்கலாம்" என்றேன். கிடைக்காது என்ற எண்ணத்தில் சொன்ன சொல் அது.

கிடைத்துவிட்டது. பங்குனி மாதத்தில் அந்தக் கடிதம் வந்தது. அதே மாதத்தில் இன்னொரு கடிதமும் வந்தது. மத்திய அரசில் புள்ளியியல் பிரிவில் ஒரு நிரந்தரப் பணிக்கு என் தங்கை தேர்வு எழுதியிருந்தாள். எழுதச் சொல்லி வற்புறுத்தியவன் நான். அதிலும் தேறியிருந்தாள். அவளுக்கு அப்போது வயது 31. அரசுத் தேர்வுக்கான வயது வரம்பு முடியும் தறுவாய். இதை விட்டால் மறுபடி எழுத இயலாது. ஒரு கையில் ஓய்வு பெறும் வரை உறுதியான பணி; மறு கையில் இரண்டு ஆண்டு முடிந்ததும் கலைந்துவிடும் பணி. எதைத் தேர்வது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை என்று நான் எண்ணினேன். அவளும் அவ்வாறே எண்ணினாள். ஆனால் நான் நினைத்தது ஒன்று, அவள் நினைத்தது வேறொன்று.

இவ்விடத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் எங்கள் ஊர். எனக்கும் தங்கைக்கும் 15 ஆண்டு இடைவெளி. தந்தையார் மறைந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். பி.ஏ. முடித்து, எழுத்தர் தேர்வில் தேறித் தில்லிக்கு வந்த நான், சில ஆண்டுகளில் தாயையும் அவளையும் இங்கே அழைத்துக்கொண்டேன். நிரந்தரப் பணி என்ற இரண்டு சொற்கள் எங்கள் வீட்டுக்கு என்ன செய்தன என்பதை நான் அறிவேன். மாதத்தின் கடைசி நாளில் வரும் சம்பளமும், அரசுக் குடியிருப்பும், மருத்துவ அட்டையும்தான் எங்களைக் கரையேற்றின. அவற்றை வேண்டாம் என்று ஒருத்தி சொன்னபோது, என் 22 ஆண்டுகளையே அவள் வேண்டாம் என்று சொல்வதுபோல் இருந்தது.

ஆகவே அன்று சொல்லத் தகாத சொல்லைச் சொன்னேன். "அப்பா போன பிறகு உன்னை இவ்வளவு படிக்க வைத்தது, கடல் கடந்து போய்க் குருவி எண்ணுவதற்கா?" என்று கேட்டேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. தாயார் வேறொரு கோணத்தில் சினந்தார். "காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் நான் உண்டதில்லை. சுட்டுத் தின்பதற்காக வளர்க்கிற பறவையை எண்ணிக் கொடுக்கும் வேலையா உனக்கு?" என்றார். இரண்டு நாட்கள் வீட்டில் பேச்சில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காப்பிக் குவளையோடு என் எதிரே வந்து அமர்ந்த தங்கை, "உங்களிடம் ஒரு பதிவேட்டைக் காட்ட வேண்டும், அண்ணா" என்றாள். எந்தக் கோபத்திலும் பதிவேடு என்றால் நான் திரும்பிப் பார்ப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் காட்டியது ஒரு பழைய வேட்டைக் கணக்கேட்டின் நகல். பிரிட்டனில் கிரவுஸ் என்றொரு பறவை உண்டு. நம் கௌதாரிக்கு உறவு, அதனினும் பருத்தது, செம்பழுப்பு நிறம், கால் விரல்கள் வரை இறகு மூடியிருக்கும். ஹீதர் என்னும் குறுஞ்செடி படர்ந்த மலைவெளிகளில் வாழ்ந்து, அச்செடியின் தளிரையே பெரும்பாலும் தின்னும். ஆகஸ்டு 12 முதல் டிசம்பர் 10 வரை அதைச் சுடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆட்கள் வரிசையாக நடந்து பறவைகளை எழுப்பி விரட்ட, மறைவிடங்களில் நிற்பவர்கள் சுடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கிப் பெருநிலக்கிழார்கள் இதை ஒரு மரபாகவே நடத்திவந்தனர். மாலையில் ஒருவர் அமர்ந்து, எந்த மலையில் எந்த நாளில் எத்தனை பறவை வீழ்ந்தது என்று ஏட்டில் எழுதிவைப்பார். அறிவியலுக்காக எழுதியதன்று, பண்ணைக் கணக்கு. ஆயினும் ஆண்டு தவறாமல் எழுதப்பட்டது.

அந்த ஏடுகளைப் பிற்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பறவைகளின் தொகை சில ஆண்டுகள் ஏறி, பிறகு திடீரென்று சரிந்து, மீண்டும் ஏறியது. இடத்திற்கு இடம் வேறுபட்டாலும், ஏறக்குறைய நான்கு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த அலை திரும்பத் திரும்ப எழுந்தது. மோரன் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியலார் 1952-இல் ஸ்காட்லாந்து வேட்டை ஏடுகளின் எண்களைக் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1942-இல், சார்லஸ் எல்ட்டனும் அவருடைய துணைவரும் கனடாவில் லிங்க்ஸ் என்னும் காட்டுப் பூனையின் தொகை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை நிறுவியிருந்தனர். அவர்களுக்குச் சான்றாக நின்றது எது? ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் தோல் வாணிகக் கணக்கு. 1821 முதலான எண்கள் அதில் இருந்தன. குளிரில் விரல் விறைக்க, வந்த தோல்களை எண்ணி ஏட்டில் பதித்த பெயரறியாத கணக்கர்கள், தாங்கள் இயற்கையின் ஒரு பெரும் புதிரைப் பதிவு செய்கிறோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

"உங்களைப் போன்ற எழுத்தர்கள் எழுதியதுதான், அண்ணா" என்றாள் தங்கை. என் சினம் அந்த இடத்தில் சற்றுத் தணிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பறவைகள் ஏன் இவ்வாறு ஏறி இறங்குகின்றன? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறார்கள். பறவைகள் கூட்டமாக மடிந்ததைக் கண்டு, லோவட் பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1911-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அக்குழுவுக்காக மலை மலையாக அலைந்து, இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர் எட்வர்டு வில்சன் என்ற மருத்துவர். காப்டன் ஸ்காட்டோடு தென்துருவம் சென்று, திரும்பும் வழியில் 1912-இல் பனியில் மடிந்தாரே, அவரேதான். குழு குற்றம் சாட்டியது, பறவையின் குடலில் வாழும் நூலினும் மெல்லிய ஒரு புழுவை. புழுவின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வரும். குஞ்சுப் புழுக்கள் ஈரத்தில் ஹீதர்த் தளிரின் நுனிக்கு ஏறும். தளிரைத் தின்னும் பறவையின் வயிற்றுக்குள் மீண்டும் புகும்.

ஒரு புழுவினால் தொகை குறைவது சரி. அலைபோல் ஏறி இறங்குவது எப்படி என்று கேட்டேன். தங்கை வெங்காயத்தைக் கொண்டு விளக்கினாள். ஓர் ஆண்டு வெங்காய விலை ஏறுகிறது. அதைக் கண்டு எல்லா உழவரும் வெங்காயம் நடுகின்றனர். விளைந்து சந்தைக்கு வரும்போது வெங்காயம் மிகுந்து விலை சரிகிறது. மறு ஆண்டு நடுவார் இல்லை; விலை மீண்டும் ஏறுகிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே ஓராண்டுத் தாமதம் இருப்பதனால் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. பறவையும் அப்படியே. பறவைகள் பெருகும் காலத்தில் புழுவும் பெருகத் தொடங்கும். ஆனால் சற்றுப் பின்தங்கியே பெருகும். புழு மிகும்போது பேடைகள் நலிந்து, முட்டையும் குஞ்சும் குறையும். பறவை குறைந்தபின் புழுவுக்கு இடமின்றி அதுவும் குறையும். பிறகு பறவை மீண்டும் தலையெடுக்கும். தில்லியில் வெங்காயம் வாங்கும் எவருக்கும் இது விளங்கும்.

பீட்டர் ஹட்சன் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதைச் சோதித்தே பார்த்தனர். வட இங்கிலாந்தில் ஆறு மலைவெளிகளைத் தேர்ந்து, சிலவற்றில் பறவைகளைப் பிடித்துப் புழு மருந்து கொடுத்து விட்டனர். சிலவற்றை அப்படியே விட்டனர். சரிவு வரவேண்டிய 1989-லும் 1993-லும் மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து பெற்ற இடங்களில் சரிவு தணிந்தது. 1998-இல் அம்முடிவு வெளிவந்தது. வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. சான்றாகக் கொண்டது சுடப்பட்ட பறவைகளின் கணக்கைத்தானே, மலையில் உயிரோடு எஞ்சியவற்றை எண்ணினார்களா என்று மறுப்புரை எழுதியவர்களும் உண்டு. அறிவுலகத்திலும் நம் அலுவலகத்தைப் போலவே கோப்பில் எதிர்க்குறிப்பு எழுதுவோர் இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எதிர்க்குறிப்பு எழுதியோரில் ஒரு சாரார் கையில் வேறொரு விளக்கம் இருந்தது. என் மனத்தைப் பிடித்து உலுக்கியது அதுதான். வடகிழக்கு ஸ்காட்லாந்தில் ஜென்கின்ஸ், ஆடம் வாட்சன் முதலியோர் பல ஆண்டுகள் இப்பறவைகளைத் தொடர்ந்து கவனித்து, 1963-இல் ஒரு பேராய்வை வெளியிட்டனர். இலையுதிர் காலத்தில் சேவல்கள் நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. கூவியும் பொருதும் ஒவ்வொன்றும் தன் எல்லையை வகுக்கிறது. இடம் பெற்ற சேவலுக்குத் துணை கிடைக்கும். கோடையில் குஞ்சு பொரிக்கும். இடம் கிடைக்காத பறவைகள் ஓரங்களில் அலையும். அவற்றில் பெரும்பாலானவை அடுத்த வேனிலைக் காண்பதில்லை; பசியினாலும் பகை விலங்குகளினாலும் மடிந்துவிடும். இடம் பெற்றிருந்த சேவலை ஆய்வாளர் அகற்றிப் பார்த்தனர். அலைந்துகொண்டிருந்த ஒரு பறவை உடனே அங்கு வந்து அமர்ந்துகொண்டது. அப்படியாயின், அதற்கு வலிமையில்லை என்பதன்று. காலியிடம் இல்லை என்பதே குறை. பிற்காலத்தில், 2003-இல் வெளியான ஒரு சோதனையில், முதிய சேவல்களின் முரட்டுத்தனத்தைச் சுரப்பு மருந்தினால் கூட்டியபோது, இளம் பறவைகள் இடம்பெறுவது குறைந்தது என்று கண்டனர். தந்தைச் சேவல் தன் மக்களுக்கு அண்டையில் இடம் விட்டுக்கொடுக்கும் காலத்தில் தொகை ஏறுகிறது. நெருக்கடி மிகுந்து அந்த இணக்கம் குலையும்போது இறங்குகிறது என்பது அவர்களுடைய கொள்கை.

இதைக் கேட்டதும் சிறிது நேரம் என்னால் பேச இயலவில்லை. நாம் எல்லோரும் யார்? ஊரில் இடம் போதாமல் வந்தவர்கள். முன்னே வந்த ஒருவர், தம் ஊரானுக்குத் தம் அறையில் பாய் விரிக்க இடம் கொடுத்தார்; அவன் வேறொருவனுக்குக் கொடுத்தான். கரோல்பாகில் நான்கு பேர் குடியிருந்த ஓர் அறையில் ஐந்தாமவனாக என்னைச் சேர்த்துக்கொண்ட கும்பகோணத்துப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். பறவையை மனிதனோடு ஒப்பிடுதல் அறிவியலுக்கு ஒவ்வாது என்று தங்கை எச்சரித்தாள். ஒப்பிடாமல் இருக்க என்னால் ஆகவில்லை.

அவளிடமே கேட்டேன். "இரண்டாண்டு முடிந்ததும் நீயும் இடம் கிடைக்காத பறவைதானே?" அவள் மழுப்பவில்லை. "ஆம்" என்றாள். முனைவர் பட்டம் பெற்றவர் பலர். நிலையான ஆசிரியப் பதவிகள் சில. இடையில் உள்ளவர்கள் இரண்டு ஆண்டு இங்கே, மூன்று ஆண்டு அங்கே என்று நல்கையின் பின்னால் போய்க்கொண்டிருப்பர். நல்கை தீர்ந்தால் பணியும் தீரும். "தெரிந்துதான் போகிறேன், அண்ணா. எட்டு ஆண்டுகள் கற்றதை ஒருமுறையாவது மலையில் இறங்கிச் செய்து பார்க்க வேண்டும். பிறகு இடம் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்வேன். முயலாமல் உட்கார்ந்துவிட்டு உங்கள்மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை" என்றாள்.

தாயாரின் கேள்வி இன்னும் எஞ்சியிருந்தது. அதற்கு விடை சொல்வதுதான் கடினம். தங்கை கொலையை நியாயப்படுத்தவில்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அந்த நாட்டில் அது சட்டப்படி நடக்கிறது. ஸ்காட்லாந்தில் கிரவுஸ் வேட்டைக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 2024-இல்தான் நிறைவேறியது. வேட்டைக்கு முன் ஜூலை மாதத்தில், மோப்ப நாய்களோடு குறிப்பிட்ட பாதைகளில் நடந்து பறவைகளை எண்ணுவார்கள். எத்தனை முதியவை, எத்தனை இளையவை என்று பார்ப்பார்கள். தொகை குறைவாக இருப்பின் அவ்வாண்டு வேட்டையை நிறுத்திவைப்பதும் உண்டு. "நிறுத்து என்று சொல்வதற்கும் ஒருவர் எண்ணியிருக்க வேண்டுமே, அம்மா" என்றாள் அவள்.

எண்ணுகிறவர் எந்தக் கட்சிக்கும் உரியவராக இருக்க இயலாது என்பதற்கு அவள் லாங்ஹோம் என்ற இடத்தைக் காட்டினாள். தெற்கு ஸ்காட்லாந்திலுள்ள அந்த மலைவெளியில் 1992 முதல் 1997 வரை ஓர் ஆய்வு நடந்தது. கிரவுஸைத் தின்னும் ஒருவகைப் பருந்தைக் காவற்காரர் கொல்லாமல் காத்தபோது, கூடு கட்டும் பேடைப் பருந்துகள் 2-லிருந்து 20 ஆயின. கிரவுஸ் குறைந்தது, வேட்டை நின்றது, வேட்டைக் காவற்காரர் வேலை இழந்தனர். பருந்தைக் காக்க வேண்டுவோர்க்கும் அந்த ஆய்வின் எண்கள் பயன்பட்டன. வேட்டையை வேண்டுவோர்க்கும் அவையே பயன்பட்டன. எவரும் முழு மகிழ்ச்சி அடையவில்லை. ஆனால் எவரும் எண்ணைப் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை.

தாயாரின் மனம் இளகியது அதனாலன்று, கௌதாரியினால். இங்கிலாந்தின் வயல்களில் சாம்பல் நிறக் கௌதாரி ஒரு காலத்தில் நிறைந்திருந்தது. இன்று பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. சுட்டதனால்தானே என்றுதான் எவரும் எண்ணுவர். டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் சசெக்ஸ் மாநிலத்து வயல்களில் 1968-இல் தொடங்கி ஆண்டுதோறும் எண்ணி, முதன்மைக் காரணம் வேறு என்று காட்டினார். பொரித்த குஞ்சு முதல் சில வாரங்கள் பூச்சிகளைத் தின்றே வளர வேண்டும். களைக்கொல்லி தெளித்ததனால் வயலில் களை அழிந்தது. களையை அண்டிய பூச்சி அழிந்தது. பூச்சியின்றிக் குஞ்சு அழிந்தது. வயலின் ஓரத்தில் சில முழ அகலத்துக்கு மருந்து தெளிக்காமல் விட்டபோது குஞ்சுகள் பிழைத்தன.

இதைக் கேட்ட தாயார் நெடுநேரம் வாளாவிருந்தார். பிறகு, "நம் ஊர்த் திடலில் விடியற்காலையில் கௌதாரி கூவும். அதைக் கேட்டுத்தான் நான் வாசல் தெளிக்க எழுவேன். கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைவில்லை" என்றார். தங்கை மெல்லிய குரலில், "எவருக்கும் நினைவில்லை, அம்மா. நம் ஊரில் எவரும் எண்ணவில்லை" என்றாள். தாயார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அதன்பின் அவர் அந்த வேலையைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆலன் ஆக்டேவியன் ஹியூமை எண்ணிக்கொண்டிருந்தேன். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் என்றே நாம் அவரைப் படித்திருக்கிறோம். அவர் நம் நாட்டுப் பறவையியலின் தந்தை எனவும் போற்றப்படுகிறார். இந்திய அரசின் வேளாண்மைத் துறைச் செயலராக இருந்தவர். மேலிடத்தோடு மாறுபட்டு 1879-இல் அப்பதவியினின்று நீக்கப்பட்டவர். மார்ஷல் என்பவரோடு சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அதைவிடப் பெரியதொரு நூலுக்காக ஆண்டுக்கணக்கில் குறிப்புகள் சேர்த்துச் சிம்லாவில் தம் மாளிகையில் வைத்திருந்தார். அவர் இல்லாத வேளையில் பணியாள் ஒருவன் அந்தத் தாள்களைத் திருடிக் கடைத்தெருவில் பழைய தாள் விலைக்கு விற்றுவிட்டான். ஹியூம் மனமுடைந்தார். ஏறத்தாழ 80,000 பறவைத் தோல்களும் முட்டைகளும் அடங்கிய தம் சேகரத்தை 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கிவிட்டுப் பறவை ஆராய்ச்சியையே துறந்தார்.

அந்தப் பணியாளைத் திருடன் என்று எளிதில் சொல்லிவிடலாம். எங்கள் அலுவலகத்திலும் அக்டோபர் மாதத்தில் பழைய கோப்புகளைக் கழிக்கும் இயக்கம் நடக்கிறது. விதிப்படி காலம் முடிந்தவற்றைக் கழித்து, எடைக்கு விற்கிறோம். ஓராண்டு அந்தப் பட்டியலில் கையொப்பமிட்டவன் நான். நாற்பது ஆண்டுகளாக, ஆறு ஏழு கைகள் மாறி மாறி, நாள் தவறாமல் எழுதிய பதிவேடுகள் அதில் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம்கூட நான் புரட்டிப் பார்க்கவில்லை. இடம் காலியாயிற்று என்று மகிழ்ந்தேன். என் தங்கையின் வேலையைக் குருவி எண்ணுவது என்று இகழ்ந்த நான், என் வேலையை என்னவென்று மதித்திருந்தேன்? எவரும் படிக்கமாட்டார்கள் என்று எண்ணியே இத்தனை ஆண்டும் எழுதியிருந்தேன் அல்லவா?

மறுநாள் தங்கை, அரசுப் பணியை ஏற்கவில்லை என்று தெரிவிக்கும் கடிதத்தை எழுதித் தருமாறு என்னைக் கேட்டாள். அலுவல் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்த ஒரு கடிதத்தை எழுத எனக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. வழக்கப்படி, தவிர்க்க இயலாத சொந்தக் காரணங்களால் ஏற்க இயலவில்லை என்று எழுதியிருந்தேன். அவள் படித்துப் பார்த்துத் தவிர்க்க இயலாத என்ற சொற்களை அடித்தாள். "தவிர்க்கக் கூடியதுதானே, அண்ணா. நானாகத் தேர்ந்ததுதானே" என்றாள். திருத்தியவாறே தட்டச்சு செய்து கொடுத்தேன். அஞ்சலில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கோயிலுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று விளங்கவில்லை.

அடுத்த நான்கு மாதங்கள் அவள் வண்டி ஓட்டக் கற்றாள். தில்லித் தெருவில் ஓட்டக் கற்றவளுக்கு ஸ்காட்லாந்து மலைப்பாதை ஒரு பொருட்டாகாது என்று சொல்லி நாங்கள் சிரித்தோம். அக்டோபர் முதல் நாள் அவள் பணியேற்றாள்.

இப்போது இரண்டாம் ஆண்டு நடக்கிறது. சென்ற வேனிலில் மலையில் எண்ணியபோது முந்திய ஆண்டைவிடப் பறவை குறைவு என்று தொலைபேசியில் சொன்னாள். காரணம் புழுவா, இடநெருக்கடியா, வேனில் மழையா என்று கேட்டேன். ஓராண்டு எண்ணிக்கையை வைத்துக் காரணம் சொல்பவரை நம்பாதீர்கள் என்றாள். செப்டம்பர் 30-ஆம் நாளுடன் அவளுடைய பணி முடிகிறது. அடுத்த இடத்துக்காக நான்கு ஊர்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இதை எழுதும் நாள் வரை ஒன்றிலிருந்தும் விடை வரவில்லை. அரசுப் பணியில் சேர்ந்திருந்தால் இந்நேரம் பணி உறுதியாகி, குடியிருப்புக்கு விண்ணப்பித்திருப்பாள் என்ற எண்ணம் எனக்கு மாதம் ஒருமுறையாவது வருகிறது. அவளிடம் சொல்வதில்லை. நான் செய்தது சரியா என்று கேட்பவர்களுக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. தாயார் மட்டும் ஞாயிறுதோறும் தொலைபேசியை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டதும், "எத்தனை பார்த்தாய்?" என்று கேட்கிறார்.

நம் முன்னோர் முல்லை நிலத்துக்குக் காட்டுக்கோழியைக் கருப்பொருளாக வகுத்தனர். ஒரு நிலத்தை அதன் பறவையைக் கொண்டு அறியலாம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அத்தகைய மரபில் வந்த நாம், நம் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் தவிர வேறொன்றைச் சொன்னால் திடுக்கிடுகிறோம். இனி உங்கள் வீட்டில் ஒரு மகளோ தம்பியோ விளங்காத பெயருடைய ஒரு வேலை அறிவிப்பைக் கொண்டுவந்து வைத்தால், நான் சொன்ன சொல்லைச் சொல்லாதீர்கள். முதலில் அவர்களை உட்காரவைத்து, அது என்ன வேலை என்று கேளுங்கள். அச்சம் அதன்பின்னும் இருக்கத்தான் செய்யும்.

சங்கத்துப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூலக அறையின் மூலையில், கயிற்றால் கட்டிய பழைய உறுப்பினர் பதிவேடுகள் இருக்கின்றன. யார் எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து வந்தார், எப்போது போனார் என்பது அவற்றில் இருக்கிறது. அடுத்த முறை அறையைத் தூய்மை செய்யும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படி எடுத்துவைக்க ஆள் வேண்டுமென்றால், சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.